வைத்துக்கொள்ளும் கருவி, தீர்ந்துபோகும் கருவி

மந்திரம், சடங்கு, ஸ்பெல் என்று எந்தப் பெயரில் ஆரம்பித்தாலும், இங்கே சிங்கப்பூரில் இளவட்டங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: என்னென்ன வாங்க வேண்டும்? டிக்டாக்கில் ஒரு பெண் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் ஒரு கத்தி, ஒரு கோல், ஒரு கிண்ணம், நாலைந்து கல், மூடி போட்ட புட்டியில் ஏதோ மூலிகை என்று அடுக்கிக் காட்டுகிறாள். அதைப் பார்த்துவிட்டு ஷாப்பி என்ற இணையக் கடையில் தேடினால், எல்லாம் சேர்த்துக் கட்டிய பெட்டியாகவே வந்து நிற்கிறது. அதே வீட்டில் பாட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பிடி கல் உப்பு, நாலு காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு எடுத்துப் பேரன் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் போட்டுவிட்டு, நெடி வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

இரண்டும் ஒரே வகை வேலைதான், இரண்டுக்கும் பொருள் வேண்டும். ஆனால் பொருளை நடத்தும் விதம் நேர்மாறு. அந்தப் பெண் தன் கருவியைப் பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள். பாட்டியின் கருவியோ தீர்ந்துபோனால்தான் காரியம் முடிந்ததாகக் கணக்கு. கடையில் காசை நீட்டுவதற்கு முன் இந்த வித்தியாசம் புரிந்தால் போதும், பாதிச் செலவு மிச்சம்.

இதெல்லாம் பலிக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஏன் எலுமிச்சை, ஏன் ஆரஞ்சு இல்லை, ஏன் கத்தி, ஏன் கத்தரிக்கோல் இல்லை என்பதெல்லாம் நம்பாதவர்களுக்கும் சுவாரசியமான கேள்விகள்.

அந்தக் கறுப்புத் துணி மேசையை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் ஆயிரம் வருடப் பழக்கம் மாதிரி இருக்கும். இன்று விக்கா என்று சொல்லப்படும் சமயத்தை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், 1884-ல் பிறந்தவர். அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி முழுக்க நம் பக்கத்தில்தான் கழிந்தது. முதலில் இலங்கைத் தேயிலைத் தோட்டம், பிறகு போர்னியோ, பிறகு மலாயா ரப்பர் தோட்டங்கள், கடைசியில் ஜொகூரில் அரசாங்க உத்தியோகம். மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்திமேல் அவருக்குத் தீராத மோகம், கத்திகளைச் சேகரித்தார், அவற்றைச் சுற்றியிருந்த நம்பிக்கைகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிரிஸையும் மற்ற மலாய் ஆயுதங்களையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1936-ல் அச்சானது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இங்கே, சிங்கப்பூரில். அதே வருடம் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். அங்கே சூனிய சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கிய பழைய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகு, 1954-ல் தன் சூனியச் சமயத்தைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் போட்டார்.

அவர் சொன்ன சமயத்தில் எட்டுக் கருவிகள்: வாள், கறுப்புப் பிடிக் கத்தி, வெள்ளைப் பிடிக் கத்தி, கோல், சின்னம் பொறித்த வட்டத் தட்டு, தூபக்கால், சாட்டை, கயிறு. இதில் நாயகன் கறுப்புப் பிடிக் கத்திதான், அதமே என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அது எதையும் வெட்டுவதற்கு இல்லை. காற்றில் வட்டம் போட, திசை காட்ட, எல்லை வகுக்க மட்டும்தான். மூலிகை நறுக்கவோ மெழுகுவத்தியில் எழுத்துக் கீறவோ வெள்ளைப் பிடிக் கத்தியை எடுக்க வேண்டும். கறுப்புப் பிடிக் கத்தி ஐரோப்பிய மந்திர ஏடுகளிலும் முன்பே உண்டு, சாலமோன் அரசர் பெயரில் சுற்றிவந்த ஏட்டில் இருக்கிறது. ஆனாலும், ஒவ்வொரு கத்திக்கும் ஓர் உயிர்ப்பு உண்டு, அது சொந்தக்காரனோடு ஒத்துப்போக வேண்டும் என்று நம்புகிற சமூகத்தின் நடுவில் அத்தனை வருடம் இருந்த ஒரு மனிதர், ஊர் திரும்பி ஆரம்பித்த சமயத்தில் ஆளுக்கொரு கத்தி என்று வைத்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கோல், கிண்ணம், கத்தி, வட்டத் தட்டு என்ற நாலு மட்டும் தனிக்கணக்கு. 1888-ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற இரகசியக் குழு இவற்றை நெருப்பு, நீர், காற்று, மண் என்று பூதத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. குறி பார்க்கும் டாரோ சீட்டில் இருக்கும் நாலு வகைகளும் இதே நாலுதான், கத்திக்குப் பதில் அங்கே வாள். இன்று எல்லாரும் கையில் வைத்திருக்கும் 1909-ஆம் ஆண்டுச் சீட்டுக்கட்டை உருவாக்கிய இருவருமே அந்தக் குழுவோடு தொடர்புள்ளவர்கள். அதாவது அந்த மேசையில் நீங்கள் பார்ப்பது நூறு, நூற்றைம்பது வருடத்துச் சரக்கு.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோல்டன் டானிலும் சரி, கார்ட்னரின் குழுவிலும் சரி, கருவி வைத்திருந்தவர்கள் தீட்சை வாங்கியவர்கள். பூசாரிக்குச் சமமான இடம் அது. வருடக்கணக்கில் ஒரே குழுவோடு, ஒரே சடங்கை, ஒரே கத்தியால் திரும்பத் திரும்பச் செய்வார்கள். பிறகு 1970, 80-களில் குழு வேண்டாம், தனியாகவே செய்துகொள்ளலாம் என்ற போக்கு வந்தது, கையேடுகள் வந்தன. குழு போய்விட்டது, குரு போய்விட்டார், பயிற்சி போய்விட்டது. பூசாரியின் பெட்டி மட்டும் அப்படியே தனியாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்று ஆன்லைனில் விற்பது அந்தப் பெட்டிதான்.

நம் பக்கம் என்ன வழக்கம் என்று பாருங்கள். நிலையான கருவி நம்மிடமும் உண்டு, ஆனால் அது சாமானியன் கையில் இருப்பது அபூர்வம். சங்கப் பாட்டில் வெறியாடும் வேலன் என்ற முருகன் பூசாரி கையில் வேல் இருக்கிறது, குறி பார்க்கக் கழங்குக் காய் இருக்கிறது. ஐங்குறுநூற்றில் இதற்கென்றே வெறிப்பத்து என்று பத்துப் பாட்டு. கட்டுவிச்சி நெல்லை எண்ணிக் குறி சொல்கிறாள். கருப்பசாமி கோவிலில் அரிவாள் நட்டிருக்கிறது, அதைத் தூக்குவதற்குச் சாமியாடிக்குத்தான் உரிமை. அந்தக் கருவி ஒரு பதவியோடு ஒட்டியது. அந்த வேலும் கழங்கும்கூட எல்லாம் அறிந்தவை என்று பாட்டெழுதியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணின் வாட்டத்துக்குக் காரணம் முருகன் என்று வேலன் ஆட்டுக்குட்டியை அறுக்க வந்து நிற்க, காரணம் ஒரு மலைநாட்டுக்காரன் என்று தெரிந்த தோழி, மாலை கிடக்கும் அவன் மார்பும் இந்தப் பலியைச் சாப்பிடுமா என்று குறுந்தொகையில் கிண்டலாகக் கேட்கிறாள்.

வீட்டில் இருப்பவர்களின் கருவியோ எல்லாம் சமையலறைச் சாமான். உப்பு கரையும், மிளகாய் எரியும், கற்பூரம் சாம்பல்கூட மிச்சம் வைக்காமல் போகும், எலுமிச்சை வண்டிச் சக்கரத்தில் நசுங்கும், பூசணிக்காய் உடையும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் தண்ணீர் சிவக்கிறது, சுண்ணாம்பின் காரத்தன்மை மஞ்சளின் நிறத்தை மாற்றுவதால் வரும் சிவப்பு அது. அதைச் சுற்றிவிட்டு வாசலில் கொட்டிவிடுகிறோம். யாரும் அந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து வைப்பதில்லை. வந்த கண்ணேறு அந்தப் பொருளில் ஏறிக்கொண்டது, பொருள் போனால் அதுவும் போனது என்பதுதான் இதற்குள் இருக்கும் நியாயம். செய்வினை எடுப்பதற்குக் கழிப்பு என்றே பெயர். கழிக்காமல் வைத்துக்கொண்டால் சடங்கு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

தாயத்தும் கறுப்புக் கயிறும் விதிவிலக்கு இல்லையா என்று கேட்கலாம். பாதி விதிவிலக்கு. கயிறு நைந்து தானாக அறுந்து விழ வேண்டும் என்பார்கள், அறுந்தால் வந்ததைத் தடுத்துவிட்டது என்று சொல்லி வேறு கட்டிக்கொள்வார்கள். தகட்டுக்கு எந்திரம் எழுதி உருவேற்றுவார்கள், ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரே மந்திரத்தை எண்ணி எண்ணிச் சொல்லி. இந்த உருவேற்றுதலும் மேற்கத்தியவர்கள் புதுக் கத்தியை உப்பு, தண்ணீர், புகை, தீ என்று காட்டித் தனதாக்கிக்கொள்வதும் ஒரே காரியம்தான்: கடைச் சரக்கைச் சொந்தமாக்க உழைப்பைப் போடுகிறார்கள். போட்ட உழைப்பை மறக்க முடியாது, அதனால் அதைக் கையில் எடுத்ததும் மனது ஒருமுகப்படுகிறது. கருவி செய்கிற வேலையில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. உருவேற்றியாச்சு என்று பெட்டியில் எழுதி விற்கும் தகட்டை வாங்குகிறவர் அந்த ஒரு விஷயத்தைத்தான் இழக்கிறார்.

சொல்லா, பொருளா, எது முக்கியம் என்பது மானிடவியலில் பழைய சண்டை. முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினிப் பக்கத்து டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, அங்கே மந்திரத்தின் உயிரே சொல்லில்தான் இருக்கிறது, ஓர் எழுத்துப் பிசகினாலும் போச்சு என்றார். சூடானின் தெற்கே அசாண்டே மக்களோடு இருந்த எவன்ஸ்-பிரிச்சர்டு வேறு மாதிரிப் பார்த்தார். அங்கே செடி, வேர், மரப்பட்டை என்று மருந்துப் பொருள்தான் எல்லாம், சொல்வதை அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொள்ளலாம். நம் தொல்காப்பியம் இந்தச் சண்டையில் சந்தேகமில்லாமல் சொல்லின் பக்கம்: நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொல்வதே மந்திரம் என்கிறது, பொருளைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் ஸ்டான்லி ஜெயராஜ தம்பையா, இலங்கைத் தமிழர், பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியர். 1968-ல் எழுதிய கட்டுரையில் மாலினோவ்ஸ்கியின் தரவுகளையே எடுத்து அலசினார். தோட்ட மந்திரத்தில் காட்டுக்கோழி மண்ணைக் கூட்டிக் கட்டிய மேட்டிலிருந்து மண் எடுக்கிறார்கள், ஏனென்றால் கிழங்கும் அதே மாதிரி பருக்க வேண்டும். அந்தப் பொருளின் எந்தக் குணத்தை எடுத்துக்கொள்வது என்பதைச் சொல் சுட்டிக்காட்டுகிறது, அப்படிச் சுட்டிய குணத்தைப் பொருள் கண்முன் நிறுத்துகிறது. ஒன்றில்லாமல் மற்றது ஊமை.

இதை வைத்து நம் உப்பைப் பாருங்கள். உப்புக்கு ஆயிரம் குணம் உண்டு. கெடாமல் காக்கும், கரிக்கும், கரையும். சுற்றிப்போட்ட உப்பைத் தண்ணீரில் போடும்போது ‘ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எல்லாக் கண்ணும் கரையட்டும்’ என்று சொல்வார்கள், கரைவது என்ற ஒரு குணம் மட்டும் தேர்வாகிவிட்டது. அதே உப்பை விக்காக்காரர் தரையில் வட்டமாகத் தூவினால் அங்கே காக்கிற குணம். உப்பு ஒன்றுதான். அதனால் இமயமலை இளஞ்சிவப்பு உப்புக்குத் தனிச் சக்தி என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

விலை என்றதும் சந்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செல்வத்துக்கு என்று விற்கும் மஞ்சள் சிட்ரின் கற்களில் பெரும்பாலானவை ஊதாக் கல்லைச் சூடேற்றி நிறம் மாற்றியவை. நீலப் பேரோஜா (டர்க்கோய்ஸ்) என்று கைக்கு வருவது பல நேரம் சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல். கருங்காலி மாலை மோகம் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தபோது, சாதா மரத்துக்குக் கறுப்புச் சாயம் போட்ட மணிகளும் கூடவே வந்துவிட்டன. புகை போடுவதற்கு வெள்ளை சேஜ் என்று கட்டுக் கட்டாக வாங்குகிறார்களே, அது தெற்குக் கலிஃபோர்னியாவிலும் பக்கத்து மெக்சிகோவிலும் மட்டும் இயற்கையாக வளரும் செடி. காட்டில் திருட்டுத்தனமாக அறுக்கிறார்கள் என்று அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வருடக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாம்பிராணி கிடைக்கிறது, மலாய்க்காரர்கள் கெமெனியான் என்பதும் அதைத்தான், சுமத்ராவின் மரப்பிசின், கூப்பிடு தூரம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து இலை வரவழைப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது, டிக்டாக்கைத் தவிர?

சாயம் போட்ட மணி பணத்தோடு போய்விடும். இன்னொரு வகைக் கருவி அப்படி இல்லை. அடுத்தவர் கொண்டுவந்து, அடுத்தவர் கையாண்டு, உங்களுக்கு ஏதோ இருக்கிறது என்று ‘நிரூபித்து’ காட்டும் கருவி. இதற்குச் சிங்கப்பூரிலேயே மிக மோசமான உதாரணம் உண்டு. 1981-ல் தோ பாயோவில் இரண்டு குழந்தைகளைக் கொன்று, 1988-ல் தூக்கிலிடப்பட்ட ஏட்ரியன் லிம், தன்னைச் சாமி இறங்குபவன் என்று சொல்லிக்கொண்டவன். அவனுடைய முக்கியமான வித்தை ஒரு முட்டை. ஊசிகளைக் கரியில் கறுக்க வைத்து, முட்டைக்குள் நுணுக்கமாகச் செருகி, துளையை மறைத்துவிடுவான். வந்தவருக்கு மேலே முட்டையைச் சில தடவை சுற்றிவிட்டு அவரையே உடைக்கச் சொன்னால் உள்ளே கறுப்பு ஊசி! செய்வினைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பலபேர் நம்பினார்கள், நம்பியவர்களிடம் பணமும் உடம்பும் பறிபோயின. நம் ஊர் வகை: கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்து எலுமிச்சையை அறுத்தால் இரத்தம் மாதிரிச் சிவப்பு வரும். புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் சாயம் சிவக்கும், அவ்வளவுதான். கோவைப் பகுத்தறிவாளர் பிரேமானந்த் இந்த மாதிரி வித்தைகளை மேடை மேடையாகச் செய்துகாட்டி, எப்படிச் செய்தேன் என்றும் விளக்கிவந்தார்.

பாட்டியின் மிளகாயும் ஒருவகையில் சாட்சிதானே, நெடி வரவில்லை என்றால் கண்ணேறு என்கிறாரே என்று கேட்டால், ஆமாம். ஆனால் அந்த மிளகாய் உங்கள் வீட்டு டப்பாவிலிருந்து வந்தது, சுற்றியவர் உங்களிடம் காசு கேட்கவில்லை, அடுத்த வாரம் திரும்ப வா என்று சொல்லவில்லை. சொந்த வீட்டு மந்திரத்துக்கும் வியாபார மந்திரத்துக்கும் கோடு எங்கே என்றால், பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான். உங்கள் முடி, நகம், துணி, புகைப்படம் ஆகியவற்றை யாராவது ‘இணைப்புக்கு’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சூனியத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு அதை வைத்தே உங்களை மிரட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

கடைசியாக, யாரும் பேசாத விஷயம்: கழிப்பது. தீர்ந்துபோகும் கருவி என்பது கிராமத்தை மனதில் வைத்து அமைந்த முறை. முச்சந்தி இருந்தது, ஆறு இருந்தது, மண் அடுப்பு இருந்தது. பன்னிரண்டாம் மாடி வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இது ஒன்றும் கிடையாது. பூசணிக்காயைத் தெருவில் உடைத்துவிட்டு அப்படியே போனால் அது குப்பை போட்ட குற்றம், முதல் தடவைக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். கண்ணாடிப் புட்டி மந்திரத்தைப் புளோக் அடிவாரப் புல்தரையில் புதைப்பதும், தகட்டைக் கடலில் வீசுவதும் அதே கணக்கில்தான் வரும். வாசலில் விளக்கும் மேசையுமாக இடம் பிடித்தால் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்குப் பதில் சொல்ல வேண்டும், பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. 2018 ஜூன் முதல் கட்டிய புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், சாம்பிராணிக்கு அது எப்படிக் கத்தும் என்று புது வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

அதனால் சனங்கள் தாங்களாகவே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உப்பு சிங்கில் கரைந்து போகிறது, மிளகாயை எரிக்காமல் தண்ணீரில் போட்டுக் கொட்டுகிறார்கள், எலுமிச்சையைக் கார் நிறுத்துமிடத்தில் நசுக்கிவிட்டுத் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்காரர் ஆயுத பூஜைக்குத் தடித்த கறுப்புக் குப்பைப் பையை விரித்து, அதற்குள்ளேயே பூசணிக்காயைப் போட்டு உடைத்து, முடிச்சுப் போட்டு எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். சடங்கும் முடிந்தது, தரையும் சுத்தம். விக்கா பெட்டி வாங்கியவர்களுக்கு இதைவிடச் சிக்கல், ஏனென்றால் ஆர்வம் போன பிறகு கத்தி கரையாது, கல் எரியாது. இருபக்கக் கூருள்ள கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போய் நண்பருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால், வழியில் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னால் என்ன விளக்கம் சொல்வீர்கள் என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, கீழே பெரிய குப்பைத்தொட்டியில் போட வேண்டியதுதான், மாடிக் குப்பைக் குழாயில் வேண்டாம்.